கூப்பிடுகிறவளின் முதுகு

எங்கள் எலும்பு மூட்டுப் பிரிவின் புறநோயாளிப் பதிவேட்டில் எப்போதும் விடுபட்டுப்போகிறவள் டோக்கன் எண்ணைக் கூப்பிடுகிறவள். மருத்துவரின் பெயர் இருக்கிறது, செவிலியரின் பெயர் இருக்கிறது, நோயாளியின் பெயரும் அவள் கணவனின் பெயரும் இருக்கின்றன, நோயாளியைத் தாங்கிப் பிடித்து அழைத்து வந்த ஆட்டோக்காரரின் கைபேசி எண்கூட ஓரத்தில் கிறுக்கப்பட்டிருக்கிறது. அஞ்சலாட்சி மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. பத்தொன்பது ஆண்டுகளாக இந்த வாசலில் நின்று நாளுக்கு நூறு எண்களுக்குக் குறையாமல் கூவியவளுக்கு ஒரு நாளும் ஓர் எண் கிடைத்ததில்லை. இன்று காலை பத்தேகால் மணிக்கு அவள் கையிலிருந்து பதினேழாம் எண் வில்லை தவறி விழுந்தது. சிவப்புப் பிளாஸ்டிக் வில்லை, சோடா மூடியைவிடச் சற்றுப் பெரியது, உருண்டு வந்து என் மேசைக் காலருகில் சாய்ந்தது. அதை அவள் எடுத்த விதத்தை நான் பார்த்துவிட்டேன். அவள் குனியவில்லை. முதுகைப் பலகைபோல நிமிர்த்தி வைத்துக்கொண்டு, முழங்கால்களை மடக்கி, ஒரு கையைத் தொடையில் ஊன்றிக் குந்தினாள், வில்லையை எடுத்தாள், பிறகு தன் தொடைகளின்மேல் தன் கைகளாலேயே படிப்படியாக ஏறி நிமிர்ந்தாள். இதைத்தான் ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நான் நடித்துக் காட்டுகிறேன். தரையில் ஒரு நாணயத்தைப் போடுங்கள், எடுக்கச் சொல்லுங்கள், முதுகை வளைக்காமல் எடுத்தால் அந்த முதுகெலும்பை ஏதோ ஒன்று தின்றுகொண்டிருக்கிறது. அவர்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள். நான் கையைத் தட்டித் தூசியை உதறிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவேன். அந்த நடிப்புக்கெல்லாம் மூன்றடி தூரத்தில் நின்று கதவைப் பிடித்துக்கொண்டிருந்தவளும் இவள்தான்.

உள்ளே வா, உட்கார் என்றேன். எதற்கு மேடம், வெளியில் கூட்டம் நிற்கிறது என்றாள். நிற்கட்டும் என்றேன். நோயாளிகளுக்கான இரும்பு ஸ்டூலை அவள் ஆயிரக்கணக்கான முறை இழுத்துப் போட்டிருப்பாள். உட்கார்வது இதுவே முதல் முறை என்பது, அதன் ஆட்டத்தைச் சமாளிக்க அவளுக்குத் தெரியாமல் போனதிலிருந்து விளங்கியது. இரவிக்கையைத் தளர்த்த வேண்டும், மறைப்பு வேண்டும். மறைப்பைப் பிடிப்பவள் அவள். இந்த அறையில் சக்கரம் வைத்த மறைப்பு ஒன்று இருந்தது, சக்கரம் உடைந்து கிடங்குக்குப் போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அன்றிலிருந்து பச்சைப் போர்வை ஒன்றை இரு கைகளாலும் விரித்துப் பிடித்து, முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பது அஞ்சலாட்சியின் வழக்கம். கூச்சப்படாதம்மா, நான் நிக்கறன்ல, என்னத் தாண்டி எந்தக் கொம்பன் வருவான் என்பாள். இப்போது அவளுக்குப் போர்வை பிடிக்க யாருமில்லை. பதினான்காம் எண்ணை உள்ளே அழைத்தேன். துறைமுகத்தில் மீன் விற்கும் பட்டம்மாள், முழங்கால் வலிக்காக மாதக்கணக்கில் வருகிறவள், போர்வையை வாங்கி விரித்துக்கொண்டு, "கூப்புடறவளே குந்திக்கினா எங்கள யாரும்மா கூப்புடறது? நானே கூவட்டுமா? எங்கூவல் கேட்டா கடல்ல இருக்கறவன்கூட கரைக்கு வந்துடுவான்" என்றாள். அஞ்சலாட்சி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. எங்கே நின்றது என்பதைத்தான் நான் இப்போது தேடப்போகிறேன்.

கழுத்தின் அடியில் துருத்தும் ஏழாவது எலும்பிலிருந்து தொடங்குகிறேன். என் பெருவிரல் அதன்மேல் அமர்கிறது, அழுத்துகிறது, வலியில்லை என்கிறாள், அடுத்ததற்கு இறங்குகிறேன். மார்புப் பகுதி எலும்புகளின் பின்முனைகள், முதல் முள், இரண்டாவது, மூன்றாவது. தோல் சூடாக இருக்கிறது. அறையின் வெக்கையா, காய்ச்சலா. விலா எலும்புகளின் வரிகள் விரலுக்குத் தெரிகின்றன, இவை எப்போது இத்தனை தெளிவாயின, சித்திரையில் நான்தானே சொன்னேன், இளைத்திருக்கிறாய், நன்றாக இருக்கிறது, எனக்கும் அந்த இரகசியத்தைச் சொல் என்று. எலும்பு மருத்துவர் நான். பல்கலைக்கழகத்தில் தங்கப் பதக்கம். எடை குறைந்த ஒருத்தியிடம், எப்படிக் குறைந்தது என்று கேட்க வேண்டிய இடத்தில், பாராட்டிவிட்டு வந்தேன். நான்காவது, ஐந்தாவது. வலியில்லை மேடம். இந்த ஊரில் பெண்ணின் முதுகை யாரும் பார்ப்பதில்லை. சேலைக்கு மேலேயே இரண்டு தட்டுத் தட்டி, தேய்மானம் என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள் என் ஆண் சகாக்கள். முப்பது வயதுக்காரிக்கும் தேய்மானம், அறுபது வயதுக்காரிக்கும் தேய்மானம். ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றி மேற்கொண்டு எதையும் அறிந்துகொள்ள விருப்பமில்லை என்பதன் சுருக்கெழுத்து அது. நான் அப்படியில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டவள். பச்சைப் போர்வை இருந்ததால் பெருமைப்பட முடிந்தது. போர்வையைப் பிடித்த கைகளை மறந்ததால் பெருமை இன்னும் வசதியாக இருந்தது. ஆறாவது. தோள்பட்டை எலும்பின் கீழ்முனைக்கு நேராக ஏழாவது. என் அறைச் சுவரில் ஒரு கேடயம் தொங்குகிறது, திருச்சி மாநாட்டில் கிடைத்தது. எட்டு மாதம் முழங்கால் வலி என்று வந்த ஓர் ஆசிரியை, முழங்காலுக்கு மட்டும் மூன்று எக்ஸ்ரே, மூன்றிலும் ஒன்றுமில்லை. நானும் நான்காவது எக்ஸ்ரேவுக்கு எழுதக் குனிந்திருந்தேன். அப்போது வாசலிலிருந்து இவள், யாரிடமோ சொல்வதுபோல, அந்தம்மா வாசப்படியத் தாண்டறப்போ தொடையத்தான் கையால தூக்கிப் போடுது, முட்டிய இல்ல என்றாள். பேனாவை வைத்துவிட்டு இடுப்பு மூட்டைச் சுழற்றிப் பார்த்தேன். நோய் அங்கேதான் இருந்தது. முழங்கால் அந்த வலிக்கு வெறும் முகவரி. மாநாட்டில் கைதட்டினார்கள். நுட்பமான மருத்துவப் பார்வை என்று தலைவர் வியந்தார். கேடயத்தில் என் பெயர் பொறித்திருக்கிறது. வாரம் ஒருமுறை ஈரத்துணியால் அதைத் துடைத்து வைப்பவள் அஞ்சலாட்சி.

எட்டாவது முள். ஒன்பதாவது. இங்கே மேடம் இல்லை என்கிறாளா, இங்கே இல்லை மேடம் என்கிறாளா, எதுவாயினும் என் விரல் இறங்கத் தயங்குகிறது. எனக்கு அச்சம் வந்தால் நான் வேகமாகப் பேசுவேன், கடுமையாகப் பேசுவேன், பிரிவு முழுக்க அறிந்த செய்தி இது. இப்போது பேசவே இல்லை என்பதை அவள் கவனித்திருப்பாள், அவள் கவனிக்காதது எது. எத்தனை நாளாக வலி என்று கேட்டேன். தை மாசத்திலேருந்து இருக்கு மேடம், உங்ககிட்ட சொன்னன்ல. சொன்னாள். மூன்று முறை சொன்னாள். முதல் முறை நான் அறையைப் பூட்டிக்கொண்டிருந்தேன். முதுகு கடுகடுங்குது மேடம் என்றாள். கைப்பையிலிருந்து ஓர் அட்டை வலி மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். இரண்டாம் முறை படிக்கட்டில். அதே மாத்திரை, இரண்டு அட்டை. மூன்றாம் முறை கைபேசியில் பேசிக்கொண்டே, பாரம் தூக்காதே என்று சைகை காட்டினேன். இதை நாங்கள் எல்லோரும் செய்கிறோம். மருத்துவமனையில் வேலை செய்கிறவர்களுக்கு மருத்துவமனையில் வைத்தியம் கிடையாது, வராந்தா வைத்தியம்தான். நின்றபடி கேட்பார்கள், நடந்தபடி கொடுப்போம். சீட்டு இல்லை, பரிசோதனை இல்லை, மாத்திரை மட்டும் சலுகையாகக் கிடைக்கும், அதற்கு அவர்கள் நன்றி வேறு சொல்வார்கள். வெளியிலிருந்து வரும் எந்தப் பெண்ணையும் நான் இப்படி நடத்தியிருக்க மாட்டேன். எனக்குத் தெரிந்தவள் என்பதால் அவளைப் பார்க்காமல் விட்டேன். சாயங்காலம் ஆனா லேசா குளுருது மேடம் என்று ஒருநாள் சொன்னதும் நினைவுக்கு வருகிறது. மின்விசிறிக்கு நேரே நிற்காதே என்றேன், எத்தனை கூர்மையான பதில். பத்தாவது முள். பட்டம்மாள் போர்வைக்குப் பின்னாலிருந்து, "போன வாரமே சொன்னன் டாக்டரம்மா, ஏன்டி உன் நடை பின்னுது, போய்க் காட்டுடின்னு. எனக்கு யாரு டோக்கன் குடுக்கறதுன்னு கேட்டுட்டு சிரிக்கிறா" என்றாள். வரிசையில் உட்கார்ந்திருந்த மீன்காரிக்குத் தெரிந்திருக்கிறது. அறைக்குள் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியவில்லை.

பதினோராவது முள்ளில் விரல் நிற்கிறது. நிறுத்தியது நானல்ல, அந்த எலும்பு. வரிசையில் எல்லோரும் ஒரே உயரத்தில் நிற்கையில் ஒருவர் மட்டும் அரை அடி முன்னால் வந்து நிற்பதுபோல, மூடிய கையின் ஒற்றைக் கணு அளவுக்கு ஒரு முண்டு. சேலைக்கு மேலிருந்து பார்த்தால் தெரியாது, இரவிக்கைக்கு மேலிருந்து தடவினால்கூடத் தையல் முடிச்சென்று எண்ணத் தோன்றும். மெல்லத் தட்டுகிறேன். அவள் முதுகு முழுவதும் ஒரே தசையாக இறுகுகிறது. கை ஸ்டூலின் விளிம்பைப் பற்றுகிறது, அந்தக் கைக்குள் இன்னும் அந்தச் சிவப்பு வில்லை இருக்கிறது, அதன் ஓரம் இரும்பில் பட்டு டக்கென்கிறது. இதுவா மேடம் என்றாள். இதுதான் என்றேன். இது என்ன என்று அவள் கேட்கவில்லை. நான் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். வேறெங்கோ தொடங்கிய புற்று இங்கே வந்து இறங்கியிருக்கலாம், மார்பில் பார்க்க வேண்டும், கழுத்தில் பார்க்க வேண்டும். எலும்பு மெலிந்து தானாக நொறுங்கியிருக்கலாம். எலும்புருக்கி என்று நம் முன்னோர் சரியாகப் பெயரிட்ட காசநோய் நெஞ்சை விட்டுவிட்டு முதுகில் குடியேறியிருக்கலாம். மாலைக் குளிரும் மெலிவும் அதைத்தான் சொல்கின்றன. அதுவாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன், ஒரு மனுஷிக்குக் காசநோய் வரட்டும் என்று வேண்டும் தொழில் என்னுடையது. எதுவாக இருந்தாலும் அந்த முண்டுக்கு முன்பக்கம், விரலுக்கு எட்டாத ஆழத்தில், தண்டுவடம் ஓடுகிறது, சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாதது, கால்கள் இரண்டும் அதை நம்பித்தான் நடக்கின்றன. எனக்கு இருபத்தேழு வயதில் ஒரு பெண்ணைப் பார்த்தேன், இரண்டு கால்களும் செயலற்றுப்போய்க் கட்டிலோடு தூக்கி வந்தார்கள், மூன்று வாரம் தாமதம் என்றார் பேராசிரியர், வெறும் மூன்று வாரம். நான் தை முதல் ஆனி வரை எண்ணுகிறேன். ஆறு மாதம். அவள் திரும்பாமலே, சுவரைப் பார்த்தபடி, தாழ்ந்த குரலில் சொன்னாள்: "நின்னே பொழச்சவ மேடம் நானு. என்னப் படுக்க வச்சுறாதீங்க." பட்டம்மாளின் கைகளில் போர்வை இன்னும் சற்று உயர்ந்தது.

படுக்கையில் படுக்கச் சொன்னேன், ஏறுவதற்குக் கை கொடுத்தேன், அவள் என் கையைப் பிடிக்காமல் கட்டிலைப் பிடித்தாள், வழக்கம் அப்படி. கால்களைப் பார்க்க வேண்டும். குதிகால்களில் வெடிப்பு, வலது பாத விரல்களில் மெட்டி இருந்த தடம். என் கையை எதிர்த்துத் தள்ளு என்றேன், தள்ளினாள். இழு என்றேன், இழுத்தாள். இரண்டு கால்களிலும் வலு இருக்கிறது. நன்றி, யாருக்கு என்று தெரியவில்லை, சாமி கும்பிடாதவள் நான், ஆனாலும் நன்றி. சிறுநீர் அடக்க முடிகிறதா என்று கேட்டேன், முடிகிறது. அதற்கும் நன்றி. ரப்பர் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டுகிறேன். கால் துள்ளுகிறது, துள்ள வேண்டியதைவிட அதிகமாகத் துள்ளுகிறது, மேலிருந்து வரும் கட்டளையில் ஏதோ தடுமாற்றம் தொடங்கிவிட்டது. பாதத்தைச் சட்டென்று மேல்நோக்கி மடக்கிப் பிடிக்கிறேன். அது என் உள்ளங்கையில் துடிக்கிறது, ஒன்று, இரண்டு, மூன்று. கையில் பிடித்த குருவிபோல என்று எழுதுவார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை, கதவைத் தட்டுவதுபோலத்தான் இருந்தது. நான்காவது துடிப்பு வருமா என்று காத்திருக்கிறேன். துடிப்பு நிற்காமல் தொடர்ந்தால் காலம் கடந்துவிட்டது. நான்காவது வரவில்லை. அடங்கிவிட்டது. என் ஸ்கூட்டர் சாவியின் முனையால் உள்ளங்காலின் ஓரமாகக் கோடிழுக்கிறேன், குதிகாலிலிருந்து விரல்களை நோக்கி, மெல்ல. தண்டுவடம் நசுங்கியிருந்தால் பெருவிரல் மேல்நோக்கி விரியும். உலகத்தில் அந்தப் பெருவிரலைத் தவிர வேறொன்றும் அப்போது எனக்கு இல்லை, முப்பதாண்டுப் படிப்பு முழுவதும் அந்த நகத்தின்மேல் வந்து உட்கார்ந்திருந்தது. விரல் கீழ்நோக்கி மடங்கியது. இன்னொரு கால். அதுவும் மடங்கியது. கூச்சமாருக்கு மேடம் என்றாள். இருக்கட்டும், கூச்சம் இருக்கட்டும், நன்றாக இருக்கட்டும் என்று நான் சொன்னேன். பட்டம்மாள் எட்டிப் பார்த்து, "என்னாடி, டாக்டரம்மா ஒங்காலப் புடிச்சிக்கினு அழுவுது" என்றாள். அழவில்லை. கண்ணில் வியர்வை.

இரண்டு வாரம் கழித்து அந்த வில்லை விழுந்திருந்தால் இந்த விரல் மேலே போயிருக்கும். இன்று விழுந்தது. விழுந்ததை நான் பார்த்தேன். ஆனால் எப்படிப் பார்த்தேன் என்று யோசிக்கிறேன். நாணயச் சோதனை புத்தகத்தில் இருக்கிறது, நான் போடும் நாணயத்துக்குத்தான் அது எனக்குப் பயன்பட்டிருக்கிறது, நானாகப் போடாத ஒன்று விழும்போதும் தலை நிமிர்ந்து பார்க்கும் பழக்கம் புத்தகத்திலிருந்து வந்ததல்ல. வாசப்படியத் தாண்டறப்போ பாருங்க மேடம் என்பாள் அஞ்சலாட்சி. செருப்பைக் கழட்டறப்போ எந்தக் கையால செவுத்தப் புடிக்கறாங்கன்னு பாருங்க. ஸ்டூல்ல குந்தினதுக்கப்புறம் சொல்றதெல்லாம் ஒப்பிச்சிக்கினு வந்தது. நான் இந்தப் பிரிவுக்கு வந்ததிலிருந்து பதினொரு ஆண்டுகள் இந்தச் சொற்கள் என் காதோரம் விழுந்தபடி இருந்தன, நான் அவற்றைப் பேச்சென்று எண்ணினேன், முணுமுணுப்பென்று எண்ணினேன், ஒருமுறை வாயை மூடு என்றும் சொல்லியிருக்கிறேன். அவள் கண்ணை எடுத்துக்கொண்டுதான் இன்று அவளைப் பார்த்தேன். கடன் வாங்கிய பொருளால் அதன் சொந்தக்காரிக்கு ஒரு முறையாவது பயன் கிடைத்ததே என்று நெஞ்சு நிறைந்து வலித்தது. இதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தேன். வந்தது, மூன்று மாதம் எழவோ குனியவோ கூடாது, படிக்கட்டில் உன்னைப் பார்த்தேன் என்றால் காலை உடைப்பேன் என்பதுதான். அவளுக்குப் புரிந்தது. உடைச்சிட்டு நீங்களே மாவுக்கட்டும் போட்டுடுவீங்க என்றாள்.

சீட்டு எழுதினேன். பெயர், அஞ்சலாட்சி. வயது கேட்டேன். ஐம்பத்தி நாலு என்றாள். எனக்கு ஐம்பத்திரண்டு. பதினொரு ஆண்டுகளாக நான் அவளை அழைத்தது வா, போ. பேனா சற்று நின்றது, பிறகு ஓடியது. முறையீடு என்ற கட்டத்தில் எழுதினேன்: ஆறு மாத முதுகுவலி. மாலைக் காய்ச்சல். எடைக் குறைவு. மூன்று முறை பரிசோதனை இல்லாமல் வலி மாத்திரை தரப்பட்டது, தந்தவர் இதில் கையொப்பமிடும் மருத்துவர். கையொப்பமிட்டேன். டோக்கன் எண் என்ற கட்டம் காலியாக இருந்தது. உங்கள் கையில் என்ன எண் இருக்கிறது என்று கேட்டேன். அந்த 'உங்கள்' அறையில் சற்று வித்தியாசமாக ஒலித்தது, பட்டம்மாள்கூடத் திரும்பிப் பார்த்தாள். அஞ்சலாட்சி கையை விரித்தார். உள்ளங்கையில் வட்டமாகத் தடம் பதிந்திருந்தது. பதினேழு மேடம் என்றார், கூவும் குரலில் அல்ல, வரிசையில் வந்தவர் சொல்லும் குரலில்.

அந்த நாளுக்கு அடுத்த வாரங்களில் தெரிந்தது, அஞ்சலாட்சிக்கு வந்திருந்தது முதுகெலும்புக் காசநோய். ஸ்கேனிலும் சதைப் பரிசோதனையிலும் உறுதியானது. அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. மூன்று மாதம் படுக்கையில் இருந்தார், மூன்று மாதமும் என்னைத் திட்டினார்; பிறகு பெல்ட் அணிந்து எழுந்தார்; பதினைந்து மாதம் மாத்திரை விழுங்கி முடித்தார். முதுகில் அந்த முண்டு இருக்கிறது, அது போகாது. கால்கள் நன்றாக இருக்கின்றன. வேலைக்குத் திரும்பினார். வாசலில் அவருக்கு ஒரு நாற்காலி வேண்டும் என்று நான் மூன்று கடிதங்கள் எழுதி வரவழைத்தேன். அதில் தன் சாப்பாட்டுப் பையை வைத்துவிட்டு, நின்றபடியேதான் கூப்பிடுகிறார். பதினேழாம் வில்லையை அவர் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் பிரிவில் பதினாறுக்குப் பிறகு பதினெட்டு.